கையால் கட்டும் குடில்



ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். மேல்நாடுகளில் இந்நாட்களில் மரங்கள் இலை உதிர்க்கும். பழுத்த இலைகளையும் கதிர்களையும் சேர்த்து அங்கே வீட்டை அலங்கரிப்பார்கள். நமக்கோ இது அடைமழைக்காலம். பிள்ளைகள் வெளியே போகமுடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம். இந்த மழையின் கடைசியில்தான் நமக்கு ஆகமன காலம் வருகிறது.

இப்போது குடில் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. நட்சத்திரம் மின்விளக்கோடு கிடைக்கிறது. டிசம்பர் 23-ந் தேதி இரவு வாங்கிவந்து அரைமணி நேரத்தில் வைத்துவிடலாம். “வாங்குவது பாவமா, சுவாமி?” என்று கேட்பீர்கள். பாவமல்ல. ஆனால் அரைமணி நேரத்தில் குடில் ஆயத்தமாகும், இருதயம் ஆயத்தமாகுமா?

1223-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்துக் கிரேச்சோ என்னும் மலைக்கிராமத்தில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்ததை அறிவீர்கள். பண்டிகைக்கு ஏறக்குறைய 15 நாள் முன்னதாகவே அவ்வூர் அருளப்பர் என்னும் மனிதரிடம் செய்யவேண்டியதைச் சொல்லி வைத்தார். ஒரு தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவே. அங்கே திவ்விய பூசை நடந்தது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி அதே கிரேச்சோவில் கையொப்பமிட்ட நிருபத்தில், குடும்பங்கள் குடில் அமைக்கும் வழக்கத்தை விடாமல் காக்கும்படி ஊக்கப்படுத்தினார்.

நம் ஊர்க் காரியம் ஒன்று சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அந்த வாரம் முடியுமுன்னே அடையாறு கரைபுரண்டது. ஆற்றோரத்து வீடொன்றில் பரணுக்குக் கீழிருந்த எல்லாம் நனைந்துபோயின. விலை கொடுத்து வாங்கிய குடிலும் சேற்றில் போயிற்று. “இந்த வருஷம் பண்டிகை வேண்டாம்” என்றாள் தாய். பாட்டியோ, நிவாரணச் சாமான் வந்த அட்டைப்பெட்டியைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து, “இதை வெட்டுங்கள், குடிசையாகட்டும்” என்றாள். தகப்பன் தரையில் உட்கார்ந்து ஒட்டினான். அவன் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று! மறுவருஷம் புதுக்குடில் வாங்கக் கையில் பணமிருந்தது. பிள்ளைகள் அட்டைப்பெட்டியைத்தான் கேட்டார்கள்.

பிரியமானவர்களே, பிள்ளைகள் கேட்டது அட்டையையா? தகப்பனையல்லவா!

ஆகையால் இவ்வருஷம் ஞாயிறுக்கு ஒரு வேலையாகச் செய்யுங்கள். முதல் ஞாயிறு நட்சத்திரம்: ஐந்து மூங்கில் குச்சிகளால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கட்டுங்கள், அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவே ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் புடைத்து நிற்கும். மேலே வர்ணக் காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டுங்கள். இரண்டாம் ஞாயிறு அட்டையால் குடிசையும், கசக்கிய பழுப்புக் காகிதத்தால் மலையும். மூன்றாம் ஞாயிறு கொட்டாங்கச்சியில் மண்ணிட்டுக் கேழ்வரகு விதையுங்கள், பண்டிகைக்குள் பசும்புல்லாகும். நான்காம் ஞாயிறு சுரூபங்களை வையுங்கள். பாலனுடைய இடம் மட்டும் நள்ளிரவுப் பூசை முடியும்வரை வெறுமையாயிருக்கட்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லுங்கள்.

கோணலாய் வந்தால் வெட்கப்படவேண்டாம். அர்ச். சூசையப்பரும் கையால் உழைத்தவர். குழந்தையின் கோணல் நட்சத்திரத்தைப் பார்த்து அவர் நகைக்கமாட்டார். அடுத்த வீட்டை மிஞ்சவேண்டுமென்ற எண்ணம் மாத்திரம் உள்ளே வரவேண்டாம். ஏழையாய்ப் பிறந்தவருக்கு அது ஏற்காது.

இன்னும் ஒன்று. நட்சத்திரத்தை இரண்டாகச் செய்யுங்கள். உங்கள் தெருவிலே பிள்ளைகள் தூரதேசம் போய்த் தனியே இருக்கும் முதியவர் ஒருவராவது இருப்பார். இரண்டாவதை உங்கள் பிள்ளைகளே கொண்டுபோய் அவர் வாசலில் கட்டட்டும். கடையில் வாங்காமல் மிச்சமான பணத்தையும் ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அப்போதுதான் உங்கள் குடில் முழுமையாகும்.

சேசு, மரி, சூசை உங்கள் இல்லங்களில் வாசஞ்செய்வார்களாக. ஆமென்.