அவிழ்த்து முடிந்த காணிக்கை

மலேசியாவிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு திரும்பி மாதங்கள் சில கழிந்துவிட்டன. பத்துமலையின் 140 அடி முருகனும் பினாங்குக் கடலும் ஞாபகத்தில் மெல்ல மங்கத் தொடங்கிவிட, உறவினர் வீடுகளில் உண்ட விருந்துகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து எது எந்த வீட்டுச் சாப்பாடு என்றே தெரியாமற் போய்விட, பாகான் செராயில் என் அத்தை ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, அதில் இன்னொரு காசை வைத்து, மறுபடியும் முடிந்த அந்த ஒரு காரியம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அத்தை என்றால் என் தகப்பனாரின் சிற்றப்பா மகள். அந்தச் சின்னத் தாத்தா, குத்தாலத்துப் பக்கத்துக் குத்தகை நிலம் இரண்டு பங்காளிகளுக்குச் சோறு போடாது என்று கண்டு, 1937இல் ஒரு கங்காணியின் பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். மறு வருஷமே இந்திய அரசாங்கம் கூலிகளை அவ்விதம் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவர் மாயூரத்தைச் சுற்றியே உழுது பிழைத்து எங்களோடேயே இருந்திருப்பார். அத்தையும் எங்கள் தெருவிலேயே பிறந்திருப்பாள். அவள் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். எண்பதைக் கடந்துவிட்ட அவள் எங்கள் ஊரை ஒரு தடவையும் கண்டதில்லை.

அவள் இருக்கும் கிரியான் வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பச்சை மாறாத மலைகளையும் செம்பனைத் தோப்புகளையும் கடந்து வந்தவர்களுக்கு அங்கே திடீரென்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் வயல். புக்கிட் மேரா என்ற ஏரியிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து ஓடுகின்றன. 1906இல் முடிந்த பாசனத் திட்டமாம், நம் மேட்டூர் அணைக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் மூத்தது. வரப்பில் இறங்கி நின்றபோது, காவிரிக் கரையை விட்டுப் பிழைக்க வந்த மனிதர்கள் மறுபடியும் ஒரு நெல் வயலின் ஓரத்தில் வந்து, ஆனால் அந்த வயலுக்கு உரியவர்களாக அன்றி, பால்மரம் வெட்டுகிறவர்களாக வாழ்ந்தார்கள் என்ற நினைப்பு நெஞ்சை அழுத்தியது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு அத்தை சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மைலோ டப்பாவை எடுத்தாள். அதற்குள் பலமுறை மஞ்சள் நீரில் நனைத்துக் காய்ந்து தடித்துப்போன ஒரு துணி முடிச்சு. எங்கள் குலதெய்வமான வீரனாருக்கு முடிந்து வைத்தது என்றாள். மூன்று முடிச்சுகள், இறுகிப்போயிருந்தன. மருமகள் உதவ வந்தபோது தலையசைத்து மறுத்துவிட்டு, கொண்டை ஊசியின் நுனியால் ஒவ்வொன்றாக நெகிழ்த்தினாள். உள்ளே ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த, செம்பு நிறமான சதுரக் காசுகள் சில. ஒன்றில் 1940 என்று கண்டது. அவற்றின்மேல் ராணி தலை போட்டவை; அப்புறம் பார்லிமெண்டுக் கட்டிடம் பொறித்தவை; எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பருத்திப் பூ போட்ட புதுக் காசுகள். ஒரு தேசத்தின் சரித்திரம் முழுவதும் ஒரு முழத் துணிக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தது.

"கொடுங்க அத்தை, ஊருக்குப் போனதும் நாங்களே கோயில்ல சேர்த்துடுறோம்" என்றேன். உறவு என்று ஒன்று கடல் கடந்து வந்திருக்கும்போது இதைவிடப் பொருத்தமான வேலை எங்களுக்கு வேறு என்ன இருக்கமுடியும்? அத்தை என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஐம்பது காசு நாணயம் ஒன்றை எடுத்து, கண்களை மூடி நெற்றியில் வைத்து எடுத்து, அந்தக் குவியலின் மேல் வைத்தாள். அவிழ்க்கும்போது நடுங்கிய விரல்கள் முடியும்போது சிறிதும் நடுங்கவில்லை. மூன்று முடிச்சு. "இருக்கட்டும் தம்பி. நானே வந்து போடுறேன்" என்று சொல்லி டப்பாவை மூடினாள். நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

முடிந்து வைப்பது எங்கள் பக்கத்தில் புதிய விஷயமன்று. எனக்குச் சிறு பிராயத்தில் விஷஜுரம் கண்டு பத்தியம் இருந்த நாட்களில் என் பாட்டி நாலணாக் காசை மஞ்சள் துணியில் முடிந்து நெற்குதிரின் மேல் ஆணியில் மாட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டில் உப்பு வாங்கவும் காசில்லாத நாட்கள் அக்காலத்தில் உண்டு. அப்போதும் அந்தக் காசை எடுக்கலாம் என்ற எண்ணம்கூட எவருக்கும் வந்ததில்லை. உடம்பு தேறிய பின் தை மாசத்தில் வாய்க்கால் கரையோடு கோயிலுக்கு நடந்தோம். பூசாரி முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டுவிட்டு, துணியை வாய்க்காலில் எறிந்தார். அதுவரை தொடவும் அஞ்சிய பொருள் ஒரு நொடியில் வெறும் கந்தலாகி மிதந்து போனதைப் பார்த்து நான் அழுதேன் என்று பாட்டி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் அழுதேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று பெரியவர்கள் முகத்தில் கண்ட நிம்மதி மட்டும் இன்னமும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே அத்தை செய்ததையும் முதலில் கடன் என்ற வகையிலேயே சேர்த்துப் பார்த்தேன். பட்ட கடனைத் தன் கையாலேயே தீர்க்கவேண்டும் என்ற பிடிவாதம் என்று எண்ணினேன். மறுநாள் காலை கார் ஏறும் சமயத்தில் அத்தையின் மகள் என்னை ஒதுக்கமாக அழைத்துச் சொன்ன செய்தி அந்த அனுமானத்தைக் கலைத்துவிட்டது. "அது அம்மா முடிஞ்சதில்லை அத்தான், அம்மாச்சி முடிஞ்சது. தாத்தாவைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனப்போ."

ஜப்பானியர் ஆதிக்கத்தில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டதும், அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டதும், காலராவிலும் பட்டினியிலும் பல பதினாயிரம் பேர் காட்டிலேயே மடிந்ததும் சரித்திரம். காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளாக இறந்த சிப்பாய்களுக்கு ஏறத்தாழ 7000 கல்லறைகள், பெரும்பாலானவை பேர் பொறித்து, வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் மக்களுக்குப் பேர் எழுதிய கல் அனேகமாக இல்லை. சின்னத் தாத்தா போனபோது அத்தை தவழும் குழந்தை. புருஷன் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று அம்மாச்சி, வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டை நம்பாமல், பழைய சதுரக் காசை எடுத்து முடிந்தாள். அவர் திரும்பவில்லை. இறந்தார் என்று வந்து சொல்லவும் எவரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு காசு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அம்மாச்சிக்குப் பின் அத்தையின் கையால்.

இப்போது யோசித்தால், கேட்ட வரம் கிடைக்காதபோது கடன் ஏது? வீரனார் கொடுக்கவில்லை, ஆகையால் கொடுக்கவேண்டியதும் இல்லை. வழக்கு என்று வைத்தால் அத்தை வீட்டுப் பக்கமே நியாயம் இருக்கிறது. இருந்தும் இரண்டு தலைமுறையாகக் காசு சேர்கிறது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே பூம்புகார் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் மணிமேகலைக் கதை சொன்னபோது, ஆதிரை என்றொருத்தி வருவாள். கப்பல் உடைந்து அவள் புருஷன் சாதுவன் இறந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொல்லிவிட, அவள் தீமூட்டிப் புகுகிறாள், தீ அவளைச் சுடுவதில்லை, அவன் நாகர் மலையில் உயிரோடிருக்கிறான், திரும்பி வருவான் என்று அசரீரி சொல்கிறது, அவ்வாறே வருகிறான். மற்ற விவரங்கள் மறந்துவிட்டன. அன்று அந்தத் தீ சுடாமற் போன அதிசயமே பெரிதாகப்பட்டது. இன்று அசரீரிதான் பெரிதாகப்படுகிறது. ஆதிரைக்கு இரண்டு செய்திகள் வந்தன, ஒன்று பொய், ஒன்று மெய். அம்மாச்சிக்கு ஒன்றுமே வரவில்லை. அவள் தாலியைக் கழற்றாமலேயே கண்ணை மூடினாளாம். அப்படிப்பட்டவளின் முடிச்சைக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பதென்றால், அவர் திரும்பிவிட்டார் என்று தெய்வத்தினிடம் பொய் சொன்னதாகும். அல்லது இனித் திரும்பமாட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். இரண்டையும் செய்ய மகளுக்கு மனம் வரவில்லை போலும்.

இவ்வாறு முடிவுகட்டிச் சில நாட்கள் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த ஐம்பது காசு இடறுகிறது. அன்று பொங்கல் நாள் இல்லை. பின் எதற்காக ஒரு காசு கூடிற்று?

எங்கள் ஊரில் ஐப்பசி முழுவதும் காவிரியில் துலா ஸ்நானம். மாசக் கடைசியில் கடைமுகம். நடக்கமுடியாத ஒருவன் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டதாம். மயூரநாதர் அவனுக்காக ஒரு நாளை நீட்டிக் கொடுத்தார். கார்த்திகை முதல் தேதியை முடவன் முழுக்கு என்று இன்றும் கொண்டாடுகிறோம். தாமதமாக வருகிறவனுக்காகத் தெய்வம் காத்திருக்கும் என்பதை இந்த ஊர்க் குழந்தை தாய்ப்பாலோடு கற்றுக்கொள்கிறது. அத்தைக்கு இந்தக் கதை தெரியும், அம்மாச்சி சொல்லியிருக்கிறாள். எனினும் அத்தை ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுகிறது. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அம்மாச்சியின் காலத்தில் கப்பற்கூலி இல்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரியான அவள், போனால் திரும்ப விடுவார்களோ என்று பயந்தாள். அதெல்லாம் சரி. இப்போது திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரப் பிரயாணம். அத்தைக்குக் கால் நன்றாக இருந்த நாளிலேயே பிள்ளைகள் பலமுறை டிக்கெட் எடுக்க முன்வந்தார்களாம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தாளாம். வருவதற்கு ஆசைப்பட்டாளா, வரவேண்டியது பாக்கி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாளா? ஊரைப் பார்க்காத ஒருத்திக்கு ஊரோடு இருந்த ஒரே பந்தம் அந்தப் பாக்கிதான் என்றால், அதை நாலு வார்த்தையில் தீர்த்துவைக்க முன்வந்த என் பேச்சு அவள் காதில் எவ்விதம் விழுந்திருக்கும்?

என் மனைவியின் அபிப்பிராயம் வேறு. அந்தக் காசு எங்களுக்காக முடிந்தது என்கிறாள். நம் வீட்டிலும் தூரப் பிரயாணம் போகிறவர்களுக்காக முடிந்து வைப்பதுண்டு. மறுநாள் நாங்கள் விமானம் ஏற இருந்தோம். போன மனிதர் திரும்பாத வீட்டில், புறப்படுகிறவர்களைக் கண்டால் கை தானாகக் காசைத்தான் தேடும் என்பது அவள் வாதம். இது உண்மையாகவும் இருக்கலாம். ஊர் வந்து சேர்ந்த அன்று இரவே அத்தை மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, நல்லபடியாகச் சேர்ந்துவிட்டோமா என்று அம்மா கேட்கச் சொன்னாள் என்றது உண்மை. சேர்ந்துவிட்டோம் என்று சொன்னேன். அப்படியானால் அந்த மூட்டையில் ஒரு காசுக்கு மாத்திரம் வேண்டுதல் நிறைவேறியிருக்கிறது, மற்றவற்றுக்கு இல்லை. அந்த ஒன்றை யார் செலுத்துவது, நாங்களா, அவளா?

கார் ஏறும் சமயத்தில் அத்தை மகள் இன்னொன்றும் கேட்டாள்: "அம்மாவுக்கு அப்புறம் இதை என்ன செய்யறது அத்தான்? உங்களுக்கு அனுப்பிடட்டுமா, இல்லே நானும் போட்டுக்கிட்டே வரட்டுமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று அப்போது சொன்னேன். சென்ற வாரம் தொலைபேசியில் மறுபடியும் கேட்டாள். அனுப்பிவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கோயில் பூசாரியிடம் கேட்கலாம் என்று ஒருநாள் குத்தாலம் வரை போய், அங்கே அவரோடு மழையைப் பற்றியும் நடவைப் பற்றியும் பேசிவிட்டு, கேட்காமலேயே திரும்பினேன். கேட்டிருந்தால் அவர் சாஸ்திரப்படி ஏதேனும் ஒரு பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதிலை அத்தை மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அப்போதும் எனக்குத் தெரிந்திருக்காது.