இனிப்புநீர் நம் தலையெழுத்தா?

"நம்ம பரம்பரையிலேயே இருக்கு, வந்தே தீரும்." இனிப்புநீர் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் இப்படிச் சொல்வார்கள். இதற்கு நேர்மாறாகப் பேசுபவர்களும் உண்டு: "வாயைக் கட்டாம சாப்பிட்டாங்க, வந்துடுச்சு." முதலாவது பேச்சு பழியை விதிமேல் போடுகிறது. இரண்டாவது நோயாளிமேல் போடுகிறது. எது நியாயம்?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. என் பாட்டிக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கு வயது 22. ஆகவே இது எனக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை.

மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால், இரண்டாம் வகை இனிப்புநீரை ஒரே ஒரு மரபணு கொண்டுவருவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றும் அபாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகின்றன. அதோடு பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது மரபணு மட்டுமா? கெட்டிப்பால் தே தாரிக்கும், ராத்திரி பத்து மணிச் சாப்பாடும் சேர்ந்துதான் வருகின்றன.

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 531 பேர் அதில் கலந்துகொண்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில், மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் சீராக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்திய பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது.

அந்த வித்தியாசம் 16 பேர். விதிதான் எல்லாம் என்றால் அவர்கள் தப்பித்திருக்க முடியாது. அதே சமயம், நோய் வந்த 39 பேரையும் வாயைக் கட்டாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? முயற்சி செய்தும் வந்தவர்கள் அவர்களில் இருப்பார்களே! ஆக, இரண்டு பேச்சும் அடிபட்டுப் போகிறது.

கிள்ளான் பக்கம் மண் மென்மையானது. அதற்காக யாரும் அங்கே கட்டடம் கட்டாமல் இருப்பதில்லை. மண்ணைச் சோதித்துப் பார்த்து, பைலிங்கை ஆழமாக இறக்குகிறார்கள். மண் அப்படி இருப்பது கட்டுபவரின் குற்றமில்லை. ஆனால், தெரிந்த பிறகும் சோதிக்காமல் கட்டினால் அது அவர் பொறுப்பு. மரபணுவும் அப்படித்தான். கிடைத்ததற்கு நாம் குற்றவாளிகள் அல்லர். இனி செய்வதற்குப் பொறுப்பாளிகள்.

இந்தப் பொறுப்பை நோயாளி தனியாகச் சுமப்பதும் நியாயமில்லை. அப்பாவுக்குச் சீனி போடாத தேநீர், நமக்கு முன்னால் ஐஸ்கிரீம் என்றால், அவரைத் தனியே போராட விட்டுவிட்டோம் என்றுதானே அர்த்தம்? அவருடைய மரபணுவில் பாதி நம்மிடமும் இருக்கிறது. சமையலறையை மாற்றினால் எல்லாருக்கும் மாற்றுவோம். நடக்கப் போனால் சேர்ந்தே போவோம்.

நண்பர்களே, உங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் இனிப்புநீர் வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அரசாங்க கிளினிக் போகும்போது அந்தத் தாளைக் காட்டி, "எனக்கும் இரத்தம் சோதிக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.