அறியாது நேர்வதும் அறிந்தபின் நிகழ்வதும்

நாம் அறியாமல் நம்மால் ஓர் உயிர்க்குத் துன்பம் நேர்ந்தால் அது இம்சையாகுமா? இல்லறத்தார் பலர் உள்ளத்திலும் எழும் வினா இது. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி முனிவர், பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு ஊறு நேர்வதையே இம்சை என வரையறுத்தார். ஈர்யா சமிதியுடன் நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் எதிர்பாராது ஓர் எறும்பு மடியினும் அவரை அவ்வினை பற்றாது. நோக்காது நடப்பவனோ, எவ்வுயிரும் மடியாவிடினும் குற்றமுடையவனே. ஆகவே ‘அறிந்தேனா?’ என்பதோடு ‘அறிய முயன்றேனா?’ என்பதும் நம் ஆராய்ச்சிக்குரியது.

இக்காலத்தில் இவ்வினாவை நம்முன் வைப்பது ஒரு சிற்றுயிர். கைரோனோமிட் எனப்படும் அப்பூச்சி கொசுவைப் போன்றது, ஆனால் கடிப்பதில்லை. அதன் புழு ஏரிச் சேற்றில் வாழ்ந்து, நான்கு பருவங்களிலும் தோலுரித்து வளர்கிறது. உரிந்த தோலில் தலையை மூடியிருந்த ஓடு கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆனது. ஆதலின் அது அழுகாமல் வண்டலில் புதைந்து பல்லாயிரம் ஆண்டுகள் நிலைக்கிறது. அறிஞர்கள் ஏரியடி வண்டலைக் குழாயால் தூண்போல் எடுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் அவ்வோடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகின்றனர்.

குளிர்ந்த ஏரிகளில் வாழும் இனங்கள் வேறு. வெப்பமான ஏரிகளில் வாழ்வன வேறு. இன்றுள்ள ஏரிகள் பலவற்றில் எவ்வினம் எவ்வெப்பத்தில் வாழ்கிறது என்று கணக்கிட்டு, அதனைப் பழைய அடுக்குகளுக்குப் பொருத்தினால் அக்காலக் கோடையின் வெப்பநிலை ஏறத்தாழப் புலனாகும். ஸ்காட்லாந்தின் தென்கிழக்கிலுள்ள விட்ரிக் சதுப்பு முன்னொரு காலத்தில் ஏரியாயிருந்தது. அதன் வண்டலைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பனியூழியின் இறுதிக் காலத்தில் வெப்பம் ஏறியும் இறங்கியும் வந்ததைக் காட்டிற்று. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த கடுங்குளிரும் அவ்வோடுகளில் பதிந்துள்ளது. சில டிகிரி மாறுதலே ஓரிடத்துப் பூச்சியினங்களை அகற்றி வேறினங்களைக் குடியேற்றப் போதுமானதாயிற்று.

‘உலகம் அன்றும் மாறியது, இன்றும் மாறுகிறது, இதில் நம் குற்றம் யாது?’ எனச் சிலர் வினவுவர். அன்றைய மாற்றத்திற்கு மனிதன் காரணமல்லன். ஆனால் 1850–1900 காலத்தினும் 2011–2020 பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் மிகுந்ததற்கு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்தல் முதலான மனிதச் செயல்களே காரணம். இடியினாலும் காடு எரிவதுண்டு என்பது, தீ வைத்தவன் கூறத்தக்க விடையன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பூச்சி நமக்குச் செய்தி தருவதால்தான் மதிப்புடையது என எண்ணுதல் நம் அறமாகாது. நமக்குப் பயன்படினும் படாவிடினும் அதுவும் வாழ விரும்பும் ஜீவனே. அது தரும் செய்தி அதன் மதிப்பைக் கூட்டுவதில்லை. நம் பொறுப்பையே கூட்டுகிறது.

இல்லறத்தான் சங்கல்ப இம்சையை முற்றும் விலக்க வேண்டியவன். ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோதி இம்சை ஆகியவற்றை இயன்றவரை குறைக்க வேண்டியவன். அடுப்பும் விளக்கும் வாகனமும் இன்றி இல்லறம் நடவாது என்பது உண்மையே. ஆயினும் ஆளில்லா அறையில் எரியும் விளக்கும், தேவையின்றி ஓடும் வண்டியும் அநர்த்த தண்டம் அன்றோ? நம் முன்னோர் கண்ணுக்குப் புலப்படாத நீருயிர்களின் பொருட்டு நீரை வடிகட்டி அருந்தினர். கதிரவன் மறையுமுன் உண்டனர். நுண்ணோக்கி இல்லாத காலத்திலும் அவர்களிடம் விழிப்பு இருந்தது. அன்று அறியாமல் எரித்தோம், அது பிழை. இன்று அறிந்தும் அளவின்றி எரிப்போமாயின் அது பிரமாதமே. போகோபபோக பரிமாண விரதத்தை ஏற்கும்போது, உண்பனவற்றோடு எரிப்பனவற்றிற்கும் ஓர் அளவை நாம் வகுத்துக்கொள்வோமாக.