எதிரே இருப்பவர் யார்?

மேடையேறியதும் சபையைச் சிரிக்கவைக்க நம் பேச்சாளர்கள் பலர் கைக்கொள்ளும் சரக்கு ஒன்றுதான்: நகை கேட்கும் மனைவி, சண்டை போடும் மாமியார், சீரியலே கதியென்று கிடக்கும் பெண்கள். பட்டிமன்றங்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில் வாலிக்காகவும் கைகேயிக்காகவும் வழக்காடி வளர்ந்த கலை அது. குன்றக்குடி அடிகளார் அதை மக்களிடம் கொண்டுபோனபோது, கேட்பவருக்குக் காப்பியம் புரியும் என்று நம்பித்தான் பேசினார். அந்த மதிப்பு குறையக் குறையத்தான் மாமியார் ஜோக் பெருகியது என்பது என் எண்ணம்.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் இது இன்னும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி, மாதாமாதம் சரிபார்க்கிற பெண்கள் அவர்கள். அவர்கள் முன்னால் நின்று, "பெண்களுக்குக் கணக்கு வராது" என்று ஒரு சிறப்பு விருந்தினர் தொடங்கியதை நான் கேட்டிருக்கிறேன். கூட்டம் சிரித்தது.

"அவங்களே சிரிச்சாங்களே, அப்புறம் என்ன?" என்பார்கள். வந்த விருந்தாளியின் முகம் வாடக்கூடாது என்று சிரிப்பவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்காமல் இருந்தால், 'இவளுக்குத் தமாஷே புரியாது' என்று இன்னொரு முத்திரை விழும். மைக் பேசுகிறவர் கையில் இருக்கிறது. கீழே இருப்பவருக்கு அந்த நேரத்தில் சிரிப்பைத் தவிர வேறு பதில் கொடுக்க வழியில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

புகழ்ச்சியும் இப்படி வாயை அடைக்கும். "தாய்மார்கள் பொறுமையின் வடிவம்" என்று மாலை சூட்டிவிட்டால், கடன் ஏன் இன்னும் வரவில்லை என்று கோபமாகக் கேட்க எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார். வசையைவிட இதை எதிர்ப்பது கடினம்.

பேசப் போகிறவர் அரைமணி நேரம் முன்னதாகப் போய், குழுவின் ஊக்குநரிடம் நாலு வார்த்தை விசாரித்தால் போதும். யார் மாடு வாங்கக் கடன் எடுத்தார், யார் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்தார், தவணை எந்த மாதத்தில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் 'பெண்கள்' என்று பொதுவாகத் தொடங்க அவருக்கே வாய் வராது. மழையில்லாத மாதத்தில் மாட்டுத் தீவனம் என்ன விலை என்றுதான் பேச்சு தொடங்கும்.