வர்ணத்தின் கீழ்

ஒரு பொருளின் உயர்வு அது பிறந்த இடத்தைப் பற்றியதா, அது செய்யும் தொழிலைப் பற்றியதா? மனிதரைக் குறித்து இவ்வினாவை எழுப்பினால் நம் அன்பர் ஒவ்வொருவரும் உடனே விடை கூறுவர். பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாவதில்லை, செயலினாலேயே ஆகிறான் என்பது வசல சூத்திரத்தில் பகவன் அருளியது. நம் வீட்டுக் குழந்தைகளும் அதனை அறிவர். ஆயினும் விடை நாவில் இருப்பது வேறு, நெஞ்சில் இருப்பது வேறு என்பதைச் சென்ற மழைக்காலத்தில் ஒரு பழைய அலமாரி எனக்குக் கற்பித்தது.

பெங்களூரில் நம் சபையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பூர்வ பௌத்தத்தைப் பற்றிப் பேசினேன். அப்பொருளில் நான் வழக்கமாகக் கூறும் உவமை ஒன்றுண்டு. சாதி என்பது நம்மீது பிறர் பூசிய வர்ணம். அதனைச் சுரண்டி எறிந்தால் அடியிலுள்ள தேக்கு, அதாவது நம் முன்னோரின் பௌத்தம், தானே ஒளிவிடும் என்பதே அது. வர்ணம் என்ற சொல் இரு பொருள் தருவதால் அவ்வுவமைக்குப் பல ஊர்களில் கைதட்டல் கிடைத்ததுண்டு. அன்றோ, கல்லூரியில் சரித்திரம் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, சுரண்டிப் பார்த்து அடியில் தேக்கு இல்லையென்றால் என்ன செய்வது? நம் முன்னோர் யாவரும் பௌத்தரே என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லையென்றால், நாம் பௌத்தராயிருப்பது பொய்யாகிவிடுமா?" என்றார். எனக்குச் சினம் மூண்டது. பெரியோரைச் சந்தேகிப்பதற்கோ படித்தாய் என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். நல்வாய்மையைப் பற்றி வாரந்தோறும் பேசுகிறவன் செய்த காரியம் அது!

அடுத்த வாரமே நம் நூல்களை வைப்பதற்கென்று வீட்டிலிருந்த பழைய அலமாரியைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். அது என் பாட்டனார் வாங்கியது. துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த முதல்தரமான தேக்கு என்று எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தோம். ஒண்டுக்குடித்தனத்தில் வேறு பெருமைக்கு இடமில்லாத நாட்களில் அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் பெருமை.

மேலே பச்சை, அதன் கீழ் நீலம், அதற்கும் கீழ் ரோஜா நிற அடிப்பூச்சு. பழைய எனாமல் வர்ணங்களில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அத்தூசி மூச்சில் கலக்கும். குழந்தைகளின் மூளைக்கு அது பெருங்கேடு. பேரக்குழந்தைகளைத் தமக்கையார் வீட்டிற்கு அனுப்பிவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, நீர் தெளித்து ஈரப்படுத்திச் சிறிது சிறிதாகச் சுரண்டினேன். நீல வர்ணம் வந்தபோது கை நின்றது. தமக்கையாரின் திருமணத்திற்கு முன்பு என் தந்தையார் இரவுமுறை வேலை முடிந்து வந்து தம் கையால் பூசியது அது. பிறர் பூசிய வர்ணம் என்று மேடையில் முழங்கினேனே! நம்மீதுள்ள பூச்சுகளில் சில நம்மவரே அன்போடு பூசியவை அல்லவோ? அவர்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றியதும் நம் நோய் தீரவேண்டும் என்றே.

நான்காம் நாள் மரம் தெரிந்தது. தேக்கு இல்லை. சட்டமும் கதவும் மாமரம். தட்டுகள் சாமான் வந்த பெட்டிப் பலகை. ஒன்றில் அச்செழுத்துகளின் நிழல் இன்னும் இருந்தது. பின்கால் ஒன்று மட்டும் மஞ்சளோடிய பலா. எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார். மாமரத்தைப் பூச்சி எளிதில் அரிக்கும். இத்தனை ஆண்டுகள் அதனைக் காத்ததில் நான் வெறுத்த அவ்வர்ணத்திற்கும் பங்குண்டு போலும். ஆனால் மூட்டுகளைப் பார்த்தேன். ஆணி இரும்பில்லை, துளையில் நாக்கைச் செலுத்தி மூங்கில் ஆணி அறைந்திருந்தது. ஒரு மூட்டும் அசையவில்லை. பெயரறியாத அத்தச்சர் மட்டமான மரத்தைக் கொண்டு நேர்மையாக வேலை செய்திருக்கிறார்.

ஏமாற்றத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவ்விளைஞரின் வினாவை முதன்முறையாகக் கேட்டேன் எனலாம்.

நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம், சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று வினவித் தேர் என்றொரு தனிப்பொருள் இல்லையெனத் தெளிவித்தாரே, அவ்வுரையாடலை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அநாத்மத்தைப் போதிக்கும் நானே, சாதிக்கு அடியில் மாறாத ஒரு மூலமரம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லி வந்தேன். அது ஆன்மாவைக் கொல்லைப்புற வழியாக உள்ளே அழைப்பது. அதனினும் கேடு, குலத்தின் தொன்மையால் மதிப்பு என்பது மனுவின் முழக்கோல். அதனைப் பறித்து நம்மை அளந்துகொண்டால் அளவு கூடலாம், கோல் அவனுடையதே.

இதனால் அயோத்திதாச பண்டிதரின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக அன்பர்கள் எண்ணலாகாது. அவர் 1898இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும், சரித்திரமே அற்றவர் என்று நம்மை ஏசிய காலத்தில். கூனிய முதுகை நிமிர்த்த ஓர் ஊன்றுகோல் வேண்டியிருந்தது. அதனை அவர் தந்தார். பாபாசாகேபும் தீண்டாதார் முன்பு பௌத்தராயிருந்தனர் என்று 1948இல் எழுதினார். ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் அளித்த 22 உறுதிமொழிகளில் உன் பாட்டன் யார் என்ற கேள்வி இல்லை. புதுப்பிறப்பு எடுக்கிறேன் என்றே ஓர் உறுதிமொழி கூறுகிறது. பழைய வீட்டிற்குத் திரும்புகிறேன் என்று அது கூறவில்லை.

பகவனே தாம் கண்டது காட்டில் மறைந்துகிடந்த பழம்பாதை என்று கூறியுள்ளாரே என ஓர் அன்பர் வினவக்கூடும். மெய்தான். ஆயின் அப்பாதை நடப்பவர்க்கெல்லாம் உரியது. கபிலவஸ்துவில் பிச்சைக்குச் சென்ற மகனைக் கண்டு, இது நம் குலவழக்கமா என்று சுத்தோதனர் வருந்தியபோது, அது உமது குலம், என் குலம் புத்தர்களின் குலம் என்னும் கருத்தில் பகவன் விடையிறுத்ததாகப் பழங்கதை சொல்லும். இரத்தத்தால் வராத குலமும் ஒன்று உண்டு.

அலமாரிக்கு அரக்கு மெருகு ஏற்றுவதே தச்சர் வழக்கம். அரக்கு எடுப்பதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிவதால் நான் ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அரக்கு பூசுவோரைக் குறைகூறவில்லை. (எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்துக.) பலாக்கால் மாமரத்தோடு நிறம் ஒட்டவில்லை. சாயம் ஏற்றி ஒன்றாக்கலாம் என்றார் பக்கத்துத் தச்சர். வேண்டாம் என்றேன். உட்புறத்தில் ஒரு சாண் அளவு நீலத்தைச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன்.

மறு ஞாயிறு கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொல்லி அவ்விளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, "அப்படியானால் பூர்வ சரித்திரத்தைத் தேடுவதை விட்டுவிடவா, ஐயா?" என்றார். விடாதீர், இனி அச்சமின்றித் தேடலாம், எது கிடைத்தாலும் வந்து சொல்லும் என்றேன். உவமைக்குக் கைதட்டிய முதியவர் இருவர் அன்று தேநீர் அருந்தாமலே எழுந்து சென்றனர். அவர்கள் வருத்தம் எனக்கு விளங்குகிறது.

தமக்கையார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்தார். கதவைத் தடவிப் பார்த்து, "பார்த்தாயா, தேக்கு தேக்குதான்" என்றார். மாமரம் அக்கா என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்து, கதவைத் திறந்து உள்ளே இருந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு தட்டில் எந்தெந்த நூல் எங்கே வைப்பதென்று கேட்டார்.