தோற்றவனுக்கு யார் அழுவது?

பள்ளிக்கூடத்தில் வந்தவாசி எனக்கு வெறும் வருஷக் கணக்காகத்தான் அறிமுகம். 1760 ஜனவரி 22-ம் தேதி இங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயப் படைத் தளபதி அயர் கூட் முறியடித்தார். மறுவருஷம் புதுச்சேரியும் வீழ்ந்தது. பரீட்சைக்கு அது போதும். இரு தரப்பிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் நின்றார்களே, அவர்கள் யார் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்வட்டாரத்து மக்கள் வருஷந்தோறும் நினைப்பது வேறொரு யுத்தத்தை. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து. முடிவில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் பிரம்மாண்டமாக மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளப்பான். பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். இத்துடன் நின்றால் அது வெற்றி விழாதான். ஆனால் காந்தாரி வேஷக்காரர் வந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒப்பாரி வைப்பார். சற்றுமுன் ஆரவாரித்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அதர்மம் செய்தவனுக்கு அழலாமா? அழலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழுவதனால் அவன் குற்றம் குறைந்துவிடாது. பாஞ்சாலி முடித்த கூந்தலும் அவிழ்ந்துவிடாது. அவனும் ஒருத்தி வயிற்றில் பிறந்தவன் என்பதை ஊர் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தோற்றுப்போன லாலியை அவருடைய நாடே 1766-ல் பாரிஸில் சிரச்சேதம் செய்தது. நம் சிப்பாய்களுக்கோ பழிச்சொல்கூட மிஞ்சவில்லை. இடிந்து கிடக்கும் கோட்டை மதிலைக் காணும்போதெல்லாம், இங்கே ஒரு காந்தாரி வராமல் போனாளே என்று நினைத்துக்கொள்கிறேன்.