வித்தா எவ்வளவு வருமுங்க?

குரோஷா ஊசியும் நூல்கண்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால், கோவையை அடுத்த எங்கள் மதுக்கரையில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேக் வேகும் வாசம் வீதிக்குப் போனாலும் இதே கேள்விதான். பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை தைத்துப் போட்டால், "இத்தனை நல்லா இருக்குதுங்க அக்கா, நாலு பேருக்குத் தெச்சுக் குடுத்தா நாலு காசு வருமில்லீங்க?" என்பார்கள். அது பாராட்டு. ஒரு பொருளைக் காசாக்கச் சொல்வதைவிட உயர்ந்த புகழ்ச்சி எங்கள் பக்கத்தில் கிடையாது. கேட்கிறவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை வெகுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. விற்காத வேலைக்கு ஒரு வீட்டில் இடம் உண்டா?

கொங்கு மண்ணில் இப்படிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துப் பருத்தி போட்டவர்கள் எங்கள் முன்னோர். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. நூல் நூற்றது போதாதென்று, நூற்கும் எந்திரத்தையும் கோவை செய்தது; 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்தது. மதுக்கரையோ 1934-இலிருந்து தன் மண்ணில் கிடந்த சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டாக்கி ஊர் ஊராக அனுப்பியது. இங்கே எதுவும் சும்மா கிடக்கவில்லை, யாரும் சும்மா இருக்கவில்லை. என் அப்பா மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். அந்தச் சம்பளத்தில் படித்து வளர்ந்த நான், சம்பாதிக்கும் வெறியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே வீட்டில்தான் எங்கள் அமுச்சி, அம்மாவின் அம்மா, நூல் நூற்கத் தக்ளி சுற்றினார். கைத்தொழிலோடு பாடம் சொல்லித் தந்த காந்தியின் ஆதாரக் கல்வி நடந்த காலத்துப் பள்ளியில் கற்றுக்கொண்டது அது. இடது கையில் பஞ்சுத் திரி, வலது கையின் விரல்களில் தக்ளி. ஒரு சொடுக்கில் தக்ளி சுழலும். அது சுழன்று நிற்பதற்குள் திரியை இழுத்துவிட வேண்டும். கொஞ்சம் அதிகம் இழுத்தால் அறும், இழுக்காவிட்டால் நூல் தடித்துவிடும். மில்லின் ரிங் ஃபிரேமில் ஒரு கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அமுச்சியின் தக்ளியை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் வீசுகிற வீச்சில் திரி பிய்ந்து பறக்கும் என்று, அந்த இரண்டு மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு நூற்பார். அப்பா ஷிப்ட் முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவார். மாமியார் கையில் பஞ்சைப் பார்த்து, "அங்கயும் இதே, இங்கயும் இதேயா அத்தே?" என்பார். "அது கம்பெனிக்கு மாப்பிளே, இது எனக்கு" என்பார் அமுச்சி.

இந்தப் பதிலைக் காந்தியின் காலத்துக் கதர் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் என் கேள்விக்கு ஒரு வழி தெரிந்தது. அன்று கோவை மாவட்டத்தில் இருந்த திருப்பூர்தான் தமிழ்நாட்டுக் கதரின் மையம். பக்கத்தில் சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் அகில இந்திய நூற்போர் சங்கமும் பிறந்தது. இவை நூற்கப் பஞ்சு கொடுத்தது யாருக்கு? மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழியில்லாத பெண்களுக்கு. அவர்களுக்கு ராட்டை என்பது கூலி. 1924-இல் பெல்காம் காங்கிரஸ் இன்னொரு வகை நூற்பைக் கொண்டுவந்தது: உறுப்பினராக வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும். இது வசதியுள்ளவர்கள் கூலி வாங்காமல் நூற்க வேண்டிய நூல். மனமில்லாதவர்கள் பிறர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்று விதியிலேயே இடம் விட்டிருந்தார்கள். பலர் அப்படித்தான் செய்தார்கள். கட்டாயமாக நீடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே அந்த விதி தளர்ந்தது. ஆனால் அதற்குள் இருந்த பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பசிக்கு நூற்பவருக்குக் கூலி. பசியில்லாதவர் நூற்றால் அது வேள்வி.

1935-இல் காந்தி இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். நூற்பவர்களுக்குக் கொடுக்கும் கூலி வயிற்றுக்குப் போதவில்லை, அதை உயர்த்தியே ஆக வேண்டும் என்றார். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விலை ஏறினால் யார் வாங்குவார்கள் என்று கதர் ஊழியர்களே அஞ்சினார்கள். மலிவாக விற்பதற்காக ஏழைப் பெண்ணின் நேரத்தை மலிவாக்கக் கூடாது என்பதில் அவர் அசையவில்லை. அவர் செய்தவற்றில் நான் பெரிதும் மதிக்கும் காரியங்களில் இது ஒன்று.

இப்போது எங்கள் வீதிகளைப் பாருங்கள். திருப்பூரிலிருந்து வரும் பனியன்களுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பிசிர் வெட்டும் பெண்கள் இருக்கிறார்கள். காஜா எடுத்து பட்டன் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வயர் கூடை பின்னுகிறவர்கள், ஜாக்கெட் தைக்கிறவர்கள் உண்டு. அரசு கொடுத்த இலவசத் தையல் மெஷினை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை நான் அறிவேன். எல்லாம் பீஸ் ரேட். கரண்ட்டும் நூலும் ஊசியும் அவர்கள் செலவு. வீட்டில் செய்வதால் அது வேலையாகவே எண்ணப்படுவதில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களைத் தொழிலாளர்களாக நடத்த வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை. இப்படிப் பிழைப்பது புதிதல்ல. ஆண் துணையில்லாத பெண் நூற்றுப் பிழைத்ததை நற்றிணை சொல்கிறது. பருத்தி வேலை செய்பவளின் சின்ன விளக்கு புறநானூற்றில் எரிகிறது. ஊசியும் கதிரும் நம் பெண்களுக்குச் சோறு போட்டது சங்க காலத்திலிருந்தே நடப்பதுதான். ஆகவே, கைவேலை மனதுக்கு அமைதி தரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது.

பிசகு எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன். மாதச் சம்பளம் வரும் வீட்டில் இருக்கும் ஒருவர் கேக் செய்யக் கற்றுக்கொள்கிறார். நாலு பேர் புகழ்கிறார்கள், விற்கச் சொல்கிறார்கள். மாவு, வெண்ணெய், முட்டை, கேஸ் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, "நான் சும்மாதானே இருக்கேன்" என்று தன் நேரத்துக்குக் கணக்கே போடாமல் ஒரு விலை சொல்கிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுப்பதில்லை. சிறிய அளவில் விற்கிறவர்களுக்குச் சின்னக் கட்டணத்தில் முடிகிற காரியம் அது. இரண்டு வீதி தள்ளி, கணவரை இழந்து, கேக் விற்று வீட்டு வாடகை கட்டும் பெண்ணிடம் போய், "அங்க இருநூறு ரூவா கம்மிங்களே" என்கிறார்கள் வாங்குகிறவர்கள். அவரும் குறைக்கிறார். வேறென்ன செய்வார்? ஜாக்கெட்டிலும் இதே கதை, கூடையிலும் இதே கதை. பொழுதுபோக்குக்காரர் தன் உழைப்புக்கு வைத்த பூஜ்யம், பிழைப்புக்காரரின் கூலியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதில் யாருடைய மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே யாரும் இதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

இழப்பு அந்தப் பெண்ணோடு நிற்பதில்லை. விற்கத் தொடங்கியவரின் கையும் மாறிவிடுகிறது. ஆர்டருக்குச் செய்யும் கேக்கில் எது கேட்கப்படுகிறதோ அதுதான் வரும். பன்னுக்குப் புளிக்க வைத்த மாவு எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் எழும்ப மறுக்கும்போது, அது எழும்பும்வரை காத்திருந்து பார்க்கும் பொறுமை போய்விடும். பிறந்தநாள் ஆறு மணிக்கு. மாவு அதற்குள் எழும்பித்தான் ஆக வேண்டும். பிழைப்புக்குச் செய்கிறவர்களுக்கு இந்த நெருக்கடி தவிர்க்க முடியாதது. அவர்கள் அதையும் தாங்கி நன்றாகச் செய்கிறார்கள். தேவையில்லாதவர்கள் எதற்காக அதை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்?

எங்கள் வீடுகளில் விற்காத வேலைக்கு நல்ல உதாரணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சந்தகை. புழுங்கல் அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, இட்லியாக ஊற்றி, வெந்த சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கல்லாகிவிடும், பிழிய வராது. தனி ஆளாக அந்த வேலையில் இறங்கினால் திண்டாட்டம்தான். ஒருவர் அழுத்த, இன்னொருவர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அழுத்துவது வீட்டு ஆண்களின் வேலையாக இருந்தது. சமையலறைப் பக்கம் வராத எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, கூடச் சந்தகை நாளில் வந்து நிற்பார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி அப்போதே சாப்பிட்டால்தான் அது சந்தகை. இப்போது கடையிலும் கிடைக்கிறது. இருந்தாலும், வீட்டில் பிழியும்போது "இதை வித்தா எவ்வளவு வருமுங்க?" என்று கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தக் கேள்வி எழுவதில்லை என்று நினைக்கிறேன்.

குரோஷாவிலும் விற்காத வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் ஒரு போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பியவற்றை இணைத்தார்கள். சாதனை முடிந்ததும் அதைப் பிரித்துப் போர்வைகளாக இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தனை கைகளும் கூலி வாங்கவில்லை. ஆனால் எந்தக் கூலிக்காரரின் விலையையும் அவை கெடுக்கவில்லை.

விற்காமல் செய்வதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபத்தையும் சொல்ல வேண்டும். கை ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால், கண் விலையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. கழுத்துப் பட்டியை வளைவு பிசகாமல் மடித்து அடிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்த பிறகு, கோவை ஒப்பணக்கார வீதியில் குவித்துப் போட்டு விற்கும் நூறு ரூபாய்ச் சட்டையை என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. துணி எவ்வளவு, பட்டன் எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, போக தைத்தவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? மில் நூலைத் தள்ளிவிட்டுத் தக்ளிக்குத் திரும்புங்கள் என்று நான் யாரையும் அழைக்கவில்லை. மில் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. தினம் ஒரு முழம் நூலாவது நூற்றுப் பார்க்கிற கை, கடையில் துணியை வேறு மாதிரி தொடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே நான் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் குரோஷாவும் தையலும் பன்னும் விற்பனைக்கு இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லா, புதுவீடு புகுந்தவர்களுக்கு ஒரு மேசை விரிப்பு, காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சூடான ரெண்டு பன். யாராவது வற்புறுத்தி விலைக்குக் கேட்டால், பிழைப்புக்காகச் செய்யும் ஒருவரின் வீட்டைக் காட்டிவிடுவேன், அவர் கேட்கிற விலையையும் சொல்லிவிடுவேன்.

கைவேலை தெரிந்த தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். காசு வேண்டுமென்றால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நேரத்துக்கும் முழுக் கூலி போட்டு விற்றுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் கொடுத்துவிடுங்கள், குறைத்து விற்காதீர்கள். வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீதியில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த முறை அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.